கார்டு போட இடமில்லை

பெட்டியைப் பிரித்ததும் அவள் முதலில் தேடியது மெமரி கார்டு செருகும் இடத்தைத்தான். புத்தகம் படிக்கிற அந்த ரீடரின் நாலு ஓரமும் தடவிப் பார்த்தாள். நகம் நுழையக்கூட ஒரு பிளவில்லை.

"அண்ணே, நான் எழுதிக் குடுத்தது இது இல்லையே."

"அதைவிட நல்லது. ரெண்டாயிரம் கம்மி வேற," என்றான் அண்ணன். ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். கரண்டில் ஓடும் எதைப் பற்றியும் அவனிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை, கேட்காமலே சொல்வான். என்ன வாங்கி வரச் சொன்னாலும் அதைவிட நல்லதாக ஒன்று வாங்கி வருவான். அம்மா கேட்டது சாதாரணக் கடிகாரம். அவன் வாங்கி வந்த பேசும் கடிகாரம் இன்னும் பரணில் கிடந்து மணி சொல்லிக்கொண்டிருக்கிறது. மனசு நோகுமென்று வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

அவள் இதற்காகத் தேடியது மூன்று மாதம். பள்ளிச் சீருடைகளுக்குப் பட்டன் துளை காஜா எடுத்துக்கொண்டே, எந்த ரீடர் எந்த ஃபைலைத் திறக்கும் என்று ஒவ்வொன்றாகப் படித்துத் தெரிந்துகொண்டிருந்தாள். இலவசமாகக் கிடைத்த புத்தகங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு அவள் கார்டில் இருந்தன. கீறல் விழுந்த ஃபோனில் படித்துப் படித்துக் கண்ணில் நீர் வழிகிறது. ஊசித் துளை இரண்டாகத் தெரிகிறது. கையில் இருக்கிற பணத்துக்குள், எல்லா ஃபைலையும் திறக்கிற மாடல் ஒன்றே ஒன்றுதான் தேறியது. அதன் நம்பரை எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டுக் கொடுத்திருந்தாள்.

"இது இந்தக் கம்பெனிக்காரங்க கடையில காசு குடுத்து வாங்குற புத்தகத்தை மட்டுந்தான் திறக்கும். என்கிட்ட இருக்கிற எதுவும் இதுல வராது."

"மாத்திப் போட்டாப் போச்சு. அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு."

"செருப்புக்காகக் காலை வெட்டச் சொல்றியா? கடையில குடுத்து மாத்திட்டு வா. நாளைதான் கடைசி நாள்னு பில்லுலயே போட்டிருக்கு."

"கடைக்காரன்கிட்ட நான் எப்படிப் போய் நிப்பேன்? நான் சொல்லித்தான் அவனே இந்த மாடலை இறக்கினான்!"

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே லேப்டாப்போடு வந்து உட்கார்ந்துவிட்டான். முதல் புத்தகத்தில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. இரண்டாவதில் பக்கத்துக்கு ஒரே வரி. அவள் தையல் மெஷினைத் தேவைக்கு மேல் வேகமாக மிதித்தாள். மதியத்துக்குமேல், "பாத்தியா, வந்திருச்சு!" என்று கத்தினான். ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினான். பாடப் புத்தகத்தைத் தவிர வேறெதையும் பிரித்திராதவன். கொஞ்ச நேரம் கழித்து அவள் திரும்பிப் பார்த்தபோது ரீடரை முழங்காலில் முட்டுக் கொடுத்து வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, படித்துக்கொண்டிருந்தான். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"ஏய்! இது என்ன, பாதியில நிக்குது?"

"எது?"

"இந்தத் தபால்காரன் கதை. இவன் பேருக்கே ஒரு லெட்டர் வருது. பிரிக்கிறான். அதோட வெள்ளைப் பக்கம். லெட்டர்ல என்ன இருந்துச்சு?"

அவளுக்குத் தெரியும். நான்கு தடவை படித்திருக்கிறாள். நூலைப் பல்லால் கடித்தாள்.

"தெரியலையே. உன் சாஃப்ட்வேரைக் கேளு."

"விளையாடாதடி. பொண்டாட்டி எழுதுனதா? அவதான் ஓடிப் போயிட்டாளே?"

"கடை எத்தனை மணிக்குச் சாத்துவாங்க?"

அவன் அவளையே பார்த்தான். பிறகு ரீடரைப் பார்த்தான். இன்னொரு முறை மாற்றினான். அதே இடத்தில் நின்றது. இன்னும் ஒரு முறை. மணி ஐந்தரை ஆனது.

"ஆறரைக்கு," என்றான் கடைசியில், சுவரைப் பார்த்து.

அவள் கேட்ட மாடலுக்குக் குறையும் இரண்டாயிரத்தை எண்ணி அவன் பையில் வைத்தாள். ஃபோனில் அந்தப் பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தாள்.

"போற வழியில படிக்காத, வண்டி மோதிரும். இங்கயே முடிச்சிட்டுப் போ. ஏழே பக்கந்தான்."

வாசற்படியில் ஒரு காலில் செருப்பு, மறு கால் வெறுங்கால். பெட்டி கக்கத்தில் நசுங்க, கண்ணுக்கு நேரே ஃபோனைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றான். "அண்ணே, மணி ஆறு," என்றாள். கேட்டதாகத் தெரியவில்லை. கட்டைவிரல் மட்டும் அடுத்த பக்கத்தைத் தள்ளியது.