பின் அச்சில் கை வைத்தவர்கள்

பிக்கப்பக்கா என்றால் டைல்ஸ் கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்துக்கொண்டு, வீடு கட்டுகிற இடங்களுக்கு டைல்ஸ் பெட்டி ஏற்றிப்போவது அவள் தொழில். பாதி நடை குன்றுச் சரிவில் எழும்பும் புது வீடுகளுக்குத்தான். வண்டியின் ஒவ்வொரு முனகலும் அவளுக்கு அத்துப்படி.

தங்கைக்குப் பிரசவம் என்று அவள் ஆஸ்பத்திரியே கதியாகக் கிடந்தபோது, “வண்டி சும்மாதானே நிக்குது, சர்வீசுக்கு விட்டுடறேன்” என்றார் கணவர். ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். ஆள் வராத நேரமெல்லாம் செல்போனில் வண்டி வீடியோ பார்ப்பார்; ஸ்டியரிங்கைத் தொட்டதே கிடையாது. போகிற போக்கில் அவளும் தலையாட்டிவிட்டாள்.

திரும்பி வந்து வண்டியை எடுத்தபோதே ஏதோ உறுத்தியது. சமதரையில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. எஞ்சின் சத்தம் அடங்கிக் கேட்டது. ஆனால் முள் காட்டிய வேகத்தைவிட வண்டி கூடுதலாகப் பறப்பதுபோல் இருந்தது. சர்வீஸ் நன்றாகச் செய்திருக்கிறான்போல என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

டைல்ஸ் லோடோடு ஏறிய குன்றுச் சரிவின் பாதியில் சாயம் வெளுத்தது. முதல் கியரிலேயே மூச்சுவாங்கி, குலுங்கி, எஞ்சின் அணைந்தது. மறுபடி கிளப்பி கிளட்ச்சை விட்டாள். மறுபடி அணைந்தது, வண்டி பின்னால் உருண்டது. கண்ணாடியில் ஒரு ஸ்கூட்டர் தெரிந்தது. ஓட்டிவந்த பெண்ணுக்கு முன்னால் ஒரு குழந்தை நின்றுகொண்டிருந்தது. பிக்கப்பக்கா சீட்டைவிட்டு எழுந்து பிரேக்கின் மேலேயே நின்றாள். கூட வந்த லோடுமேன் குதித்துச் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக்கொடுத்தார். வண்டி நின்ற இடத்துக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய இடமில்லை. அந்தப் பெண் திட்டவில்லை. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பார்த்தாள், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

பெட்டிகளைச் சாலையோரம் இறக்கி, லோடுமேனைக் காவலுக்கு வைத்துவிட்டு, பிக்கப்பக்கா நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள்.

“என் வண்டியில என்ன செஞ்சீங்க?”

மெக்கானிக் கந்தல் துணியில் கையைத் துடைத்தபடி சிரித்தான். “அண்ணன் சொல்லலியாக்கா? பின் அச்சுக்குள்ள இருக்கற பல்சக்கர ஜோடிய மாத்திட்டோம். இப்ப டயர் ஒரு சுத்து சுத்த எஞ்சின் முன்ன மாதிரி அவ்வளவு சுத்த வேணாம். டீசல் மிச்சம்.”

“இழுவை?”

“அது கொஞ்சம் குறையும். அண்ணன்கிட்ட சொன்னேனே.”

“மேட்டுல லோடு ஏத்தறது அண்ணனா? வண்டி யாருது?”

“உங்களுதுதான். ஆனா வீட்டு ஆம்பளை வந்து சொல்லும்போது...”

அவளுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. போன் போட்டாள். கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து சேர்ந்தார், முகத்தில் அசட்டுச் சிரிப்போடு.

“சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான்மா. உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்.”

“என் நல்லதை எங்கிட்ட கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க? உங்க ஜெராக்ஸ் மெஷின்ல கேக்காம நான் ஒரு ஸ்க்ரூவைக் கழட்டினா சும்மா இருப்பீங்களா? பின்னால ஒரு பச்சப்புள்ள நின்னுச்சுங்க!”

“கத்தாத. கிளட்ச்ச நீ சரியா விட்டிருக்க மாட்டே.”

இத்தனை வருஷம் ஓட்டியவளுக்கு, ஒரு நாளும் ஓட்டாதவர் சொல்கிற பாடம்! அவள் வண்டிக் கதவைத் திறந்துவிட்டாள். “ரெண்டு பேரும் ஏறுங்க.”

சரிவில் பெட்டிகள் மறுபடி ஏறின. லோடுமேன் கீழே நின்று வேறு யாரும் மேலே வராமல் மறித்தார். சாவியை மெக்கானிக்கிடம் நீட்டினாள். கணவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கையில் கல்லோடு கூடவே நடந்தாள்.

பாதியில் வண்டி நின்றது. கல்லைப் போட்டாள். மெக்கானிக் மறுபடி கிளப்பிப் பார்த்தான். கிளட்ச் தீயும் நாற்றம் வந்ததுதான் மிச்சம். கணவர் டேஷ்போர்டை இரண்டு கையாலும் பற்றியிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“கிளட்ச்ச சரியா விடச் சொல்லுங்க” என்றாள் ஜன்னல் வழியாக.

மெக்கானிக் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

“சரி, இறங்கித் தூக்குங்க. வீட்டுக்காரங்க டைல்ஸுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க.”

மெக்கானிக்கும் ஜெராக்ஸ்காரரும் முக்கி முனகி மேட்டு வீடு வரை பெட்டிகளைச் சுமந்தார்கள். அவள் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

நல்லவேளை, கழற்றிய பழைய ஜோடி ஒர்க்‌ஷாப் மூலையில் சாக்கில் சுற்றிக் கிடந்தது. மறுநாள் அதை மாட்டி முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். கணவரும் வந்து ஓரமாக நின்றார்.

“சமதரையில மிச்சமாகும், அது நிஜந்தானே?” என்றார் மெதுவாக.

“நிஜந்தான்.”

அதுதான் அவளை இன்னும் எரித்தது. யோசனை ஒன்றும் கேவலமில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எந்தப் பல் கணக்கு மேட்டையும் தாங்கும், டீசலையும் மிச்சம் பிடிக்கும் என்று மூவரும் உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

“தப்புதான்” என்றார் அவர்.

அவளுக்கு இன்னும் சூடு ஆறவில்லை.

மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். “பின் பிரேக்கும் தேஞ்சிருக்கு. மாத்தணும்னா அண்ணன் ஒரு வார்த்தை...”

சொல்லிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்துவிட்டான்.

“உங்களைத்தாங்க்கா கேக்கறேன்” என்றான். “மாத்தட்டுமா?”

“முதல்ல கழட்டிக் காட்டுங்க” என்று குனிந்தாள் அவள்.