ஒரு லேபலும் பதினொரு பேரும்

எங்கள் பக்கத்தில் பாதிப் பேருடைய பாஸ்வேர்ட் என்னிடம்தான் இருக்கிறது. முன்பெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்ல வாய் கூசுகிறது.

கல்முனை பஸாரில் ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, கடவுச்சீட்டு விண்ணப்பம், பரீட்சை விண்ணப்பம், வெளிநாட்டில் இருக்கும் புருஷனுக்குப் பத்திரங்களை ஸ்கேன் பண்ணி அனுப்புவது என்று எல்லாம் இங்கே நடக்கும். ஈமெயில் திறந்து கொடுப்பதும் நான்தான். திறந்து கொடுத்துவிட்டு, பாஸ்வேர்டை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் ஊரே சேர்ந்து ஒரே பதிலைச் சொல்லும். "அதை நீங்களே வெச்சிருங்க மிஸ்." நான் ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்ததில்லை. கணினிக்கு முன்னால் இருப்பதால் மிஸ். என் வாப்பாவின் வயதுள்ள மஜீட் ஹாஜியாருக்கும் நான் மிஸ்தான்.

என்னைப் 'புள்ள' என்று கூப்பிட்டவள் ஒருத்திதான், நதீரா. ஆறாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். இப்போது மருதமுனையில் பாலர் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறாள். அவளுடைய புருஷன் ஸஜாத் கட்டாருக்குப் போய், லீவில் வந்தபோது கொழும்பில் இன்னொருத்தியை நிக்காஹ் செய்துகொண்டு, அப்படியே போனையும் நிறுத்திவிட்டான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகள் ஸப்னாவும் நதீராவும் தனியே இருக்கிறார்கள்.

பாஸ்வேர்ட்களை முதலில் ஒரு தடித்த சீஆர் நோட்டுக் கொப்பியில் எழுதி வைத்தேன். கொப்பி நனைந்து பாதி அழிந்தபிறகு போனிலும் கணினியிலும் ஓடுகிற ஒரு செயலிக்கு மாறினேன். அதில் குடும்பத்துக்கு ஒரு போல்டர் போட்டு அடுக்கினேன். அது பெரிய தலையிடியாகப் போய்விட்டது. ஸைனம்பு என்று மட்டும் ஏழு பேர். மருமகனின் ஈமெயிலில் மாமியின் கடவுச்சீட்டு விண்ணப்பம் கிடக்கும், மகளின் பரீட்சை அனுமதி உம்மாவின் நம்பருக்கு வரும். ஒரு போல்டருக்குள் போட்டதை இன்னொன்றில் தேடித் தேடியே எனக்குக் கண் பூத்துப்போனது.

கொழும்பில் வேலை செய்கிற என் தம்பி நளீம்தான் வழி சொன்னான். "என்னத்துக்கு ராத்தா போல்டருக்குள்ள போட்டுப் பூட்டுறீங்க? லேபல் ஒட்டுங்க. ஒரு ஆளுக்குப் பத்து லேபல் எண்டாலும் ஒட்டலாம். லேபலை அமத்தினா அது உள்ள ஆக்கள் எல்லாம் வரிசையா வந்து நிப்பாங்க."

சும்மா சொல்லக்கூடாது, அருமையான வசதி. கடவுச்சீட்டு, பரீட்சை, ஊர்வாரியாக மருதமுனை, சவளக்கடை என்று ஒட்டத் தொடங்கினேன். பிறகு கை சும்மா இருக்கவில்லை. 'மறதி' என்று ஒன்று. 'அவசரக்காரர்' என்று ஒன்று. மஜீட் ஹாஜியாருக்கு 'கத்துவார்'. இதை நதீராவுக்குக் காட்டிய அன்று, காட்டி வாய் மூடுவதற்குள் ஹாஜியார் வாசலில் நின்று, "மிஸ், இந்த நெட்டு எப்பதான் வேலை செய்யும்!" என்று கத்தினார். நாங்கள் இரண்டு பேரும் மேசைக்குக் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

'பாவம்' என்ற லேபலை முதலில் ஒட்டியது சவளக்கடையிலிருந்து வருகிற பஸ்லியா ராத்தாவுக்கு. கிட்னி இரண்டும் பழுது. என் கடையில் ஆட்கள் அடையாள அட்டையை மேசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துவிட்டுக் கதிரையில் இருப்பார்கள். அட்டை வைத்ததும் நான் பெயரைத் தட்டிப் பார்க்கும்போது அந்த லேபல் தெரிந்தால் அவர்களின் அட்டையை எடுத்து மேலே வைத்துவிடுவேன். நோயாளி காத்திருக்கத் தேவையில்லை. பிறகு மகன் வழக்கில் மாட்டி மறியலில் இருக்கிற ஒரு தாய் சேர்ந்தார். கடலுக்குப் போய் இடுப்பு முறிந்த பாலமுனைக்காரர் ஒருவர் சேர்ந்தார். இப்படிப் பதினொரு பேர். இதற்கெல்லாம் எனக்கு நன்மை எழுதப்படுகிறது என்று மனதுக்குள் ஒரு திருப்தி வேறு.

அந்தப் பதினொரு பேரில் நதீராவும் ஒருத்தி. ஸஜாத்தின் நிக்காஹ் செய்தி வந்த வாரம் ஒட்டினேன். அழுத கண்ணோடு வந்திருந்தாள், அவளுடைய பெயரைத் தட்டினேன், கை தானாகப் போய் ஒட்டிவிட்டது. ஒரு வினாடி வேலை. அதற்குப் பிறகு அவளுடைய அட்டை எப்போதும் மேலே வந்துவிடும். ஒரே வாங்கில் இருந்தவள் என்பதால்தான் முதலில் கூப்பிடுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் நினைக்க விட்டேன்.

போன நோன்பு வருவதற்கு முன் மஜீட் ஹாஜியார் வந்தார். வெளிநாட்டில் இருக்கிற யாரோ உலர் உணவுப் பொதி கொடுக்கிறார்களாம், தகுதியான ஆட்களின் பெயர் வேண்டுமாம். "உங்களுக்குத்தான் மிஸ் எல்லாரையும் தெரியும்" என்றார். லேபலை அமத்தினேன். பதினொரு பெயரும் நம்பரும் விலாசத்தோடு வந்து நின்றன. ஒரு தாளில் அடித்துக் கொடுத்தேன். நதீராவின் பெயர் நாலாவதாக இருந்ததைப் பார்த்தேன். பார்க்காமல் கொடுத்தேன் என்று சொன்னால் பொய். அரிசியும் பேரீச்சம்பழமும் யாருக்குத்தான் வேண்டாம் என்று நினைத்தேன்.

அவளுக்குப் போன் பண்ணியவர்கள், கூட்டம் ஒன்று இருக்கிறது, வாருங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். பாலர் பாடசாலைக் கூட்டம் என்று நினைத்து நல்ல அபாயா உடுத்திக்கொண்டு போயிருக்கிறாள். அங்கே வரிசையில் நிறுத்தி, கையில் பொதியைக் கொடுத்து, படம் எடுத்து, அன்று பின்னேரமே பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். அவளிடம் படிக்கிற பிள்ளைகளின் தாய்மார் அதற்கு லைக் போட்டிருந்தார்கள். ஸப்னா மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

நாலாம் நாள் நதீரா அழுதுகொண்டு கடைக்கு வந்தாள். "எவளோ என்ட பேரைக் குடுத்திரிக்காள் புள்ள. நான் ஆருக்கிட்டயும் கை நீட்டல்லியே. என்னைப் பார்த்தா அப்பிடியா இரிக்கி?"

நான் போட்டோக்கொப்பி மெஷினுக்குத் தாள் போட்டுக்கொண்டிருந்தேன். தட்டு நிறைந்த பிறகும் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆருக்குத் தெரியும் புள்ள," என்றேன்.

இவ்வளவும் நடந்த பிறகாவது அந்த லேபலை அவள் பெயரிலிருந்து கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. அவளுடைய பெயரைத் தட்டும்போதெல்லாம் கண்ணில் படும், நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிடுவேன்.

போன புதன்கிழமை வந்தாள். ஆசிரியர் உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள், நேர்முகப் பரீட்சைக் கடிதம் ஈமெயிலில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேசையில் ஒன்பது அடையாள அட்டை இருந்தது. வழக்கம்போல அவளைப் பக்கத்தில் இருத்தினேன். அந்த நேரம் பார்த்துப் போட்டோக்கொப்பி மெஷின் தாளை விழுங்கிக்கொண்டு நின்றுவிட்டது. கையெல்லாம் கறுப்பு மையாகிவிட்டது.

"உன்ட பேரைத் தட்டி நீயே திற புள்ள, பாஸ்வேர்ட் அதுக்குள்ள இரிக்கி," என்று சொல்லிவிட்டு மெஷினைத் திறந்தேன். சொன்ன பிறகும் எனக்கு உறைக்கவில்லை.

தாளை இழுத்து எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது திரையில் ஈமெயில் இல்லை. தன் பெயருக்குக் கீழே ஒட்டியிருந்ததை அவள் அமத்திப் பார்த்திருக்கிறாள், பதினொரு பெயர்கள் நின்றன. மேலே 'பாவம்' என்று பச்சை நிறத்தில் இருந்தது. போல்டராக இருந்திருந்தால் அவள் தன் குடும்பத்தை மட்டும் திறந்து பார்த்திருப்பாள். நளீம் சொன்ன மாதிரியே லேபல் எல்லாரையும் வரிசையாக நிறுத்திவிட்டது.

"இது என்ன புள்ள?"

"அது... ஆக்களைக் காக்க வெக்காம முதல்ல கூப்பிடுறதுக்கு."

"ஓ. என்னையும் அதுக்குத்தான் முதல்ல கூப்பிடுறியா?"

அவள் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினாள். மூன்றாவதில் நின்றாள்.

"பஸ்லியா ராத்தா. இவக்குப் பக்கத்துலதான் நான் நிண்டன். எனக்கு அங்கால இந்தப் பாலமுனை ஆள்." விரல் கீழே போனது. "படத்துல நிண்ட ஆக்கள்தான் இவ்வளவு பேரும். வரிசையும் அப்பிடியே இரிக்கி. பேர் குடுத்தது நீதானா?"

"ஓம்," என்றேன். அவள் கேட்டு நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

அவள் சத்தம் போட்டுக் கதைத்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், வாய்க்கு எனக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் பின்னால் ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அந்த நேரத்திலும் என்னுடைய மானத்தைத்தான் அவள் பார்த்தாள். நான் அவளுடையதைப் பார்க்கவில்லை.

"அண்டைக்கு நான் அழக்குள்ள நீ தாள் போட்டுட்டு நிண்ட," என்றாள். "கத்துவாள் எண்டு ஒட்டியிருந்தாலும் சிரிச்சிட்டுப் போயிருப்பன் புள்ள."

"நான் கெட்ட எண்ணத்துல ஒட்டல்ல, அல்லாஹ் அறிவான்."

"தெரியும். அதுதான் பெரிய வெக்கமா இரிக்கி." அபாயாவின் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பாஸ்வேர்ட் மாத்துறது எங்க? காட்டு."

காட்டினேன். அதற்குள் இரண்டு தரம் வேறு எங்கோ அமத்திவிட்டேன்.

"அங்கால திரும்பு."

திரும்பினேன். சுவரில் ஒரு பார்மசிக் கலண்டர் தொங்கியது. மாதம் மாறியும் கிழிக்காமல் விட்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அவள் ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டும் சத்தம் கேட்டது. ஊருக்கே பாஸ்வேர்ட் வைத்திருக்கிற மிஸ் தன் கடையிலேயே சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதை ஒன்பது பேரும் பார்த்தார்கள். இரண்டாம் முறையும் தட்டி முடித்துவிட்டு, "இப்ப என்ட பேரை இதுலருந்து அழி," என்றாள். அழித்தேன். 'பாவம்' என்பதற்குப் பக்கத்தில் இருந்த பதினொன்று பத்தாக மாறியது. கடிதம் வந்திருந்ததா என்று அவள் சொல்லவில்லை. கேட்கும் முகம் எனக்கும் இல்லை.

அன்று கடை மூடுவதற்கு முன் எல்லா லேபல்களையும் அழித்தேன், 'கத்துவார்' உட்பட. பத்துப் பேரிலிருந்து இதைக் கழற்றவா என்று செயலி கேட்டது, ஓம் கொடுத்தேன். ஆனால் மறுநாள் பஸ்லியா ராத்தா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சொல்தான் எனக்கு முதலில் வந்தது. அதை எங்கே போய் அமத்தி அழிப்பது என்று தெரியவில்லை. இதே சொல்லால்தான் சின்ன வயதில் குர்ஆன் ஓதிய ஓதப்பள்ளியில் எங்களுக்கு வேறொன்றையும் சொல்லித் தந்தார்கள், செய்தால் எழுதப்படும் என்று. பதினொரு பேரிலும் ஒட்டிவிட்டு நான் சுமந்துகொண்டு திரிந்தது அதைத்தான்.

பிறகு இரண்டு தரம் நதீராவுக்குப் போன் எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. மன்னித்துக்கொள் என்று ஒரு செய்தி அனுப்பினேன். பார்த்ததற்கு நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை.

நேற்றுக் காலையில் வந்தாள். அவளைக் கண்டதும் ஒரு ஆறுதல், கோபம் ஆறித்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். கையில் ஒரு கடிதம் இருந்தது. அடையாள அட்டையை எடுத்து மேசையில் இருந்த ஏழு அட்டைக்கும் கீழே வைத்துவிட்டுப் பின் கதிரையில் போய் இருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய அட்டையை உருவி மேலே வைத்தேன். "நதீரா, வா."

அவள் எழுந்து வந்தாள். அட்டையை எடுத்தாள். திரும்பவும் எல்லாவற்றுக்கும் கீழே வைத்தாள். "இவங்க எல்லாம் எனக்கு முந்தி வந்த ஆக்கள்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய் இருந்தாள். அட்டைக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள்.

ஏழு பேருக்கும் வேலை முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. அவசரப்பட்டு ஒருவரின் பிறந்த திகதியைப் பிழையாக அடித்துத் திரும்பவும் செய்தேன். மஜீட் ஹாஜியார் வந்து கத்திவிட்டுப் போனார். நான் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தேன். அவள் கதிரையில் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக அவளுடைய அட்டை மட்டும் மிஞ்சியது. எழுந்து வந்து கடிதத்தை மேசையில் வைத்தாள். நேர்முகப் பரீட்சைக் கடிதம், தபாலிலும் அனுப்பியிருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷத்தில் வாய் திறந்துவிட்டது. "கடிதம் வந்திட்டா புள்ள!" என்றேன்.

அவள் அட்டையைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

"ரெண்டு கொப்பி எடுத்துத் தாங்க மிஸ்," என்றாள்.