ஓய்வு ஒருங்கிணைப்பாளர்

தொழிலாளர் உரிமைகளைச் சுவரில் ஒட்டவேண்டும் என்பது சட்டம். எந்த உயரத்தில் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே அந்த சோப்புத் தொழிற்சாலையில் அறிவிப்பைக் கூரைக்கு ஒரு முழம் கீழே ஒட்டியிருந்தார்கள். பல்லிகள் தங்கள் உரிமைகளை நன்கு அறிந்திருந்தன.

மனிதர்களில் அதைப் படிக்க முடிந்தது நெட்டையக்காவுக்கு மட்டும்தான். பெல்ட்டில் வரும் சோப்பைப் பெட்டியில் அடுக்கும் இருபத்தொன்பது பெண்களில் அவளே உயரம். குட்டையானவர்களுக்கென்று செய்த பெல்ட்டில் வருடக்கணக்காகக் குனிந்து நின்றதில், இடது காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தது.

“வேலைக்கு நடுவுல கால் மணி நேரமாவது காலைத் தூக்கி வச்சு உக்காரும்மா. இல்லேன்னா புண் வரும். வந்தா லேசுல ஆறாது” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பெல்ட் நிற்காது. சாப்பாட்டு அரைமணி கழிப்பறை வரிசையிலேயே கரைந்துவிடும். ஒருநாள் காலிப் பெட்டிமேல் ஏறி அவள் அறிவிப்பைப் படித்தாள். நாலாவது வரி: ஒவ்வொருவருக்கும் தினம் கால் மணி ஓய்வு. ஆறாவது வரி: உடம்புக்கு முடியாவிட்டால் சம்பளத்தோடு விடுப்பு.

மேனேஜரிடம் போனாள். தொழிற்சாலையைக் ‘குடும்பம்’ என்றும் கூடுதல் நேர வேலையைப் ‘பாசம்’ என்றும் சொல்பவர் அவர்.

“குடும்பத்துக்குள்ள சட்டம் பேசலாமாம்மா?”

“பேசலைங்க. தொழிலாளர் ஆபீசுக்கு எழுதலாம்னு இருக்கேன்.”

மேனேஜருக்கு உடனே பாசம் பொங்கியது. பத்தே நாளில் ஓய்வறை தயாரானது. ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி, ரிப்பன், கைதட்டல், போட்டோ. ஒருத்தி ஓய்வுக்குப் போனால் அவள் இடத்தில் நிற்க மாற்று ஆள் வேண்டுமே? அதற்கும் வழி கண்டிருந்தார். நெட்டையக்காவின் மார்பில் தன் கையாலேயே ஒரு பேட்ஜைக் குத்தினார். ‘ஓய்வு ஒருங்கிணைப்பாளர்.’

இருபத்தெட்டுப் பேர், தலைக்குக் கால் மணி. ஏழு மணி நேரம் போயிற்று. மிச்சமிருந்த அரைமணியை ஓய்வுப் பதிவேடு தின்றது. யார், எப்போது, எத்தனை நிமிடம், ஓய்வின் தரம் எப்படி என்று எழுதவேண்டும். பதிவேட்டைத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்ததால் நின்றுகொண்டுதான் எழுதவேண்டும்.

“அப்ப எனக்கு ஓய்வு?” என்று கேட்டாள்.

“நீங்க இப்ப நிர்வாகம்மா. நிர்வாகத்துக்கு ஓய்வு ஏது? நான் எடுக்கறேனா?” என்றார் மேனேஜர், சாய்வு நாற்காலியிலிருந்து முழுதாக எழுந்திருக்காமல்.

பக்கத்து இடத்துக்காரி ரேடியோ. வாய் மூடாததால் வந்த பெயர். முதல் நாள் பெஞ்சிலிருந்து அவள் திரும்பியபோது முகமே மாறியிருந்தது. “அக்கா, நீ நல்லா இருக்கணும். எனக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்கறதே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது!”

நாலாம் மாதம் கணுக்காலுக்கு மேலே புண் வந்தது. கட்டுக்கு மேல் காலுறை போட்டாள். மதியத்துக்குள் காலுறை நனைந்தது. டாக்டர் சீட்டு எழுதினார்: மூன்று வாரம் படுக்கை.

மேனேஜர் சீட்டைப் பெல்ட் அருகிலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். “சம்பளத்தோட விடுப்பு தொழிலாளிக்குத்தாம்மா. நீங்க நிர்வாகம். சம்பளமில்லாம வேணா போங்க, நான் தடுக்கலை. ஆனா ஒருங்கிணைப்பாளர் இல்லாம ஓய்வறையைத் திறக்க முடியாது. மூணு வாரம் பூட்டித்தான் வைக்கணும். பூட்டினது மறுபடி திறக்குமான்னு என்னால சொல்ல முடியாது. அப்புறம் உங்க இஷ்டம்.”

நெட்டையக்கா வரிசையைப் பார்த்தாள். யாராவது ‘பூட்டினா பூட்டட்டும், நீ போ’ என்று சொல்வார்கள் என்று நினைத்தாள். இருபத்தேழு பேருக்குத் திடீரென்று சோப்பின்மேல் அபார அக்கறை வந்திருந்தது.

ரேடியோ மட்டும் வாயைத் திறந்தாள். அதுவும் முதன்முறையாக மெதுவாக.

“அக்கா... பதினொண்ணே முக்காலுக்கு என் முறை. இடுப்பு காலையிலேருந்தே பிடிச்சு இழுக்குது. அதை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டு...”

மேனேஜர் சீட்டை நாலாக மடித்து, பத்திரமாக, அவளிடமே கொடுத்தார்.

பதினொன்றே முக்காலுக்கு நெட்டையக்கா ரேடியோவின் இடத்தில் நின்று சோப்பு அடுக்கினாள். சரியாகக் கால் மணியில் ரேடியோ திரும்பினாள். முகம் பார்க்கவில்லை.

நெட்டையக்கா தூணுக்குப் போனாள். வலது காலில் உடம்பைத் தாங்கிக்கொண்டு பதிவேட்டைத் திறந்தாள்.

“தரம் என்னன்னு போடட்டும்?”

“நல்லா இருந்துச்சுன்னு போடுக்கா.”

போட்டாள். அடுத்தவள் ஏற்கனவே கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.