தெளிந்த தண்ணீர்

என் மனைவி சம்பூர்ணம் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். எங்கள் சாயப்பட்டறையிலிருந்து ஓடும் அரக்குச் சிவப்புத் தண்ணீரைப் பார்த்து சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவே முகம் சுளித்தது. பக்கத்து வீட்டு இளவரசி மட்டும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

"எங்க செவலை கூட அத்த மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்குதுமா."

செவலை அவளுடைய சினைப்பசு. அந்தப் பேச்சு சம்பூர்ணத்துக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

முருங்கை விதையைப் பொடித்துக் கலக்கினால் சாயம் அடியில் தங்கிவிடும் என்று எங்கோ கேட்டு வந்தாள். தெருவில் ஒரு முருங்கை மரத்தையும் விட்டுவைக்கவில்லை.

"சாம்பாருக்கு ஒரு காயாவது வுட்டு வைமா" என்று நான் கேலி செய்தேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பலமுறை கலங்கலாகவே வந்த தண்ணீர், ஆடி மாதத்தில் ஒருநாள் காலை தொட்டியின் அடி தெரியத் தெளிந்து நின்றது. அவள் அழுதேவிட்டாள்.

சாயக்காரர்கள் நாங்கள் கண்ணை நம்பிப் பிழைப்பவர்கள். சாயம் தோய்த்த பட்டுநூலை அலசும்போது தண்ணீரில் நிறம் வராவிட்டால் மிச்சச் சாயமெல்லாம் போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் கணக்குதான் எங்களைக் கெடுத்தது.

சம்பூர்ணம் ஒரு வாளி நிறைய மொண்டுபோய் இளவரசி வீட்டுத் தொட்டியில் ஊற்றினாள். "இப்போ குடிக்குமாடி ஒன் செவலை?"

செவலை மோந்து பார்த்தது. குடித்தது. இரண்டு பெண்களும் கைகொட்டிச் சிரித்தார்கள். அதன்பிறகு தினமும் வாளி போனது.

அடுத்த வாரம் செவலை படுத்தது, எழுந்திருக்கவில்லை. மாட்டு டாக்டர் தொட்டியைப் பார்த்து விசாரித்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "கலர்தாம்மா போயிருக்குது. கெமிக்கல் அப்டியே இருக்குது."

வயிற்றுக் கன்றோடு புதைத்தோம். இளவரசி எங்களைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். அவள் திட்டவில்லை.

"செவப்பா இருந்தவரைக்கும் அது தொடல, சம்பூர்ணம்" என்றாள். அதுதான் அவள் எங்களிடம் கடைசியாகப் பேசியது.

வீட்டுக்கு வந்ததும் சம்பூர்ணம் நேராகப் பட்டறைக்குப் போனாள். காலையில் தெளியவைத்த தண்ணீர் தொட்டியில் அப்படியே இருந்தது. அரக்குச் சாயத்தை ஒரு கை அள்ளி அதில் போட்டாள்.

"இம்மாம் பாடுபட்டு எடுத்தத ஏம்மா மறுபடியும் போடுற?" என்றேன்.

"இன்னொரு ஜீவன் இதுல வாய வெக்கக் கூடாதுங்க" என்று சொல்லி, முருங்கைப் பொடி கலக்கும் அதே கம்பால் கலக்கினாள்.