நீ வாயாதே

பக்கவாதத்திலிருந்து பிழைத்தெழுந்த தையல்காரருக்குக் கை முழுதாகத் திரும்பியது; பேச்சு பாதிதான் திரும்பியது. பொருள்களின் பெயரெல்லாம் நாக்கு நுனியில் நின்றன. குடி, உட்கார், திற போன்ற வினைச்சொற்கள்தான் போன இடம் தெரியவில்லை. மனிதர் சும்மா இருப்பாரா? பெயரையே பிடித்து வினையாக்கினார். "தண்ணிக்கணும்" என்றால் குடிக்க வேண்டும். "நாற்காலிக்கிறேன்" என்றால் உட்காருகிறார். "ஜன்னலு" என்றால் திற. மூடு என்பதற்கும் அதேதான்.

மகள் அழாத குறையாக ஒவ்வொன்றையும் திருத்தினாள். பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் தடுத்தாள்.

"திருத்தாதீங்க. முளை முளைக்குது, காய் காய்க்குதுன்னு நாம சொல்றதில்லையா? அந்த வழியிலதான் போறார். போகட்டும்."

மனைவிக்கு அவர் சொன்னதெல்லாம் புரிந்தது. அவர் வாயைத் திறந்தால் போதும், மீதியை அவளே முடித்துவிடுவாள்.

மூன்றாம் மாதம் கடையைத் திறந்தார்கள். பழைய வாடிக்கைக்காரரான பள்ளி வாத்தியார் புதுக் கோட்டோடு வந்தார். கழுத்துக்குக் கீழே மடிப்பு விழுகிறதாம். தையல்காரர் தடவிப் பார்த்தார்.

"தோள்..."

"தோளைப் பிரிச்சுத் தைக்கணுங்கிறார்," என்றாள் மனைவி.

அவர் இல்லையென்று தலையசைத்தார். "காலர்..."

"காலரை மாத்தணுமாம்."

அவர் சுண்ணக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நீ வாயாதே."

வாத்தியார் சிரித்துவிட்டார். "வாயாடாதேங்கிறார். வீட்டுக்கு வீடு வாசப்படிதான்."

அவர் அப்படிச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். எனக்கு வாயாக இராதே என்கிறார். சுருக்கென்றது. எழுந்துபோய் நூல்கண்டு அலமாரியின் முன் நின்றுகொண்டாள்.

அவர் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. "தோள் சரி. முதுகு நீளம். காலர் அடி... கொஞ்சம்... கத்தரிக்கணும்." வாத்தியார் அவசரப்படாமல் கேட்டார். கத்தரிக்கணும் என்பது யாரும் திருத்த வேண்டாத சொல். தையல்காரர் காலருக்குக் கீழே கோடு போட்டார்; கோடு நேராக இருந்தது.

கடையைப் பூட்டும்போது கேட்டார்: "கோவமா?"

"கோவந்தான். நாலு பேர் முன்னாடி சொல்லியிருக்க வேண்டாம்."

அவர் யோசித்தார். "தப்பு," என்றார். பிறகு அதையும் வினையாக்கினார்: "தப்பிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமா, தப்பிட்டீங்க. டாக்டரே சொன்னார். நடங்க."