பாத்ரூமில் மட்டும் ஆள் நடமாட்டம்

தனேஸ்வரி வீட்டுப் பின்பக்கக் கிரில்லைப் பட்டப்பகலில் அறுத்து, சங்கிலியோடு சமையல் கேஸ் தோம்பையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று வீடு தள்ளித்தான். அன்று சாயங்காலமே லீலாவதி முடிவெடுத்துவிட்டாள்.

"ரவாங்குக்குப் போயிரலாங்க. விமலன் அண்ணன் பிளாட்டு சும்மாதானே கெடக்கு. எனக்கும் பேக்டரி பத்து நிமிஷம். இங்கருந்து தெனமும் செம்பனை லோரிக்குப் பின்னாடியே போயிப் போயி எனக்குப் பாதி ஆயுசு போச்சு."

அவள் கணவன் புவனேசனுக்குப் பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரை விட மனமில்லை. அவன் வேலை செய்யும் ஹார்ட்வேர் கடை இங்கே. கூடவே இருக்கும் அவன் அப்பா நல்லசாமி ஜாகாவாக, அதாவது காவலாளியாக, வேலை செய்யும் செம்பனை எண்ணெய் மில் இங்கே. எல்லாவற்றுக்கும் மேலாக, விமலனின் பிளாட் நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்தப் படியில் சோபாவை யார் தூக்குவது என்ற கவலை அவனுக்கு.

"நானே அலாரம் வெக்கிறேன்" என்றான்.

"நீங்களா? காலிங் பெல் வெச்சீங்களே, அது மாதிரியா?"

அவன் மாட்டிய காலிங் பெல்லை அழுத்தினால் சமையலறை மின்விசிறி சுற்றும். அதைப் பற்றிப் பேச அவன் விரும்பவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாப்பேன். வீட்டுக்குள்ள யாரு வர்றா யாரு போறான்னு அது ஒழுங்காச் சொன்னா இருப்போம். இல்லன்னா பொட்டி கட்டுவோம்" என்றாள் லீலாவதி.

ஆன்லைனில் வாங்கிய பெட்டியில் நான்கு சென்சர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. நடுவில் ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கண். ஆள் நகர்ந்தால் அந்தக் கண் கண்டுபிடித்து, வயர் இல்லாமலே செய்தி அனுப்பும். உடனே ஹால் விளக்கு எரியும், கைப்பேசி கிணுகிணுக்கும், சைரன் அலறும். சைரனை மட்டும் முதல் வாரம் அடக்கி வைத்தான். அக்கம்பக்கத்தில் மானம் போகக்கூடாதல்லவா. வீட்டில் தாங்கள் இருக்கும் நேரம் எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே அணைத்துவிடுவான்.

வாசல், ஹால், சமையலறை, பாத்ரூம் என்று இடம் பிரித்தான். மேசைமேல் நான்கையும் வைத்து முன்னால் கையை ஆட்டினான். நான்கும் கண்டுகொண்டன. குளித்து, திருநீறு பூசி, சூடம் காட்டி, கட்டை விரலால் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்து முறைப்படி சுவரில் மாட்டினான். புது மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் புது மிக்சி வாங்கினாலும் அந்த வீட்டில் அதுதான் வழக்கம். பூஜை முடிந்த பிறகு மறுபடி சோதித்துப் பார்ப்பது சாமியைச் சந்தேகப்படுவது மாதிரி ஆகிவிடும் என்பதால் சோதிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை மூன்று பேரும் வேலைக்குப் போனார்கள். பத்தே கால் மணிக்கு, கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவனின் கைப்பேசி கிணுகிணுத்தது. 'பாத்ரூமில் ஆள் நடமாட்டம்.'

மோட்டாரை முறுக்கிக்கொண்டு ஓடினான். வீடு பூட்டியபடி இருந்தது. உள்ளே ஈ காக்கை இல்லை. எந்தச் சாமானும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து இருபதுக்கு அதே செய்தி. புதன்கிழமை பத்து பத்துக்கு. வாசலில் ஆள் இல்லை, ஹாலில் ஆள் இல்லை, சமையலறையில் ஆள் இல்லை. நேரே பாத்ரூமில் ஆள். ஜன்னல் வழியாக வந்திருப்பானா? அந்த ஜன்னலில் பூனை நுழைவதற்கே மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

"அப்ப வெளியேர்ந்து வரலை. உள்ளயே இருக்கு" என்றாள் லீலாவதி. அன்றிலிருந்து குளிக்கும்போது கதவைத் திறந்தே வைத்தாள். வெளியே புவனேசன் நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

"நீங்க என்னப்பா நெனைக்கிறீங்க?" என்று அப்பாவைக் கேட்டான்.

நல்லசாமி மீசையைத் தடவினார். "மெசினுதானலா. பல்லியப் பாத்திருக்கும்." சொல்லிவிட்டு அவசரமாக முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

பத்து மணிக்கு மட்டும் வேலை செய்யும் பல்லியா? புவனேசனுக்குத் தலை சுற்றியது. ஒழுங்காக வேலை செய்வது எது, கெட்டுப்போனது எது என்றே விளங்கவில்லை. மற்ற மூன்றையும் கழற்றினான். துடைத்தான், பேட்டரி மாற்றினான், மேசையில் வைத்துக் கையை ஆட்டினான். மூன்றும் கண்டுகொண்டன. புதுப் பேட்டரி ஆயிற்றே என்று மறுபடி பொட்டு வைத்து மாட்டினான். வியாழக்கிழமையும் பாத்ரூம் மட்டுமே கூவியது.

லீலாவதி அலமாரியிலிருந்து சேலைகளை எடுத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை அப்பா வேலைக்குப் போன பிறகு புவனேசன் லீவு போட்டான். அலாரத்தையும் சைரனையும் முடுக்கிவிட்டு, துடைப்பக்கட்டையோடு படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நின்றான். பத்து மணி தாண்டியதும் வாசலில் சாவி திரும்பும் சத்தம். சாவியா? காலடி ஹாலைக் கடந்தது. சைரன் வாயே திறக்கவில்லை. சமையலறையைக் கடந்தது. அப்போதும் மூச்சில்லை. பாத்ரூம் கதவு மூடியது.

அடுத்த நொடி வீடே அலறியது. ஹால் விளக்கு பளிச்சென்று எரிந்தது. தெரு நாய்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. பாத்ரூமிலிருந்து, ஒரு கையில் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஜாகா சட்டையோடு பாய்ந்து வந்தார் நல்லசாமி.

"யார்ரா அவன்? புடிரா!" என்று மகனைப் பார்த்துக் கத்தினார்.

"நீங்கதாம்பா!"

சைரனை அணைக்கவே இரண்டு நிமிடம் பிடித்தது. நல்லசாமி சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார்.

"மில்லுல இருக்கிறது குந்துற கக்கூசுடா. குந்துனா எந்திரிக்க முடியல. முட்டி ரெண்டும் போச்சு. அதான் தெனம் பத்து மணிக்கு மோட்டார எடுத்துக்கிட்டு வந்துருவேன். நம்ம வீட்டுல ஒக்காந்து போலாம்."

"இத்தனை நாளா சொல்லாம? அவ பேய்னுட்டு இருக்கா!"

"சொன்னா வேலைய விடச் சொல்லுவீங்க. கேட்டை விட்டுட்டு வர்ற ஜாகான்னு மில்லுல தெரிஞ்சா அவனுங்களே வெரட்டிருவானுங்க."

கைப்பேசி அடித்தது. லீலாவதி. "என்னங்க, எனக்கும் மெசேஜ் வந்துச்சு. புடிச்சிட்டீங்களா? யாரு?"

புவனேசன் அப்பாவைப் பார்த்தான். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பாத்ரூமில் பேய் என்றால் ஞாயிற்றுக்கிழமை நான்கு மாடி. உள்ளதைச் சொன்னால் அப்பாவின் மானம்.

நல்லசாமியே கைப்பேசியைப் பிடுங்கினார். "நாந்தாம்மா லீலா. கக்கூசுக்கு வந்தேன்." முட்டிக் கதையை முழுதாகச் சொன்னார்.

மறுமுனையில் லீலாவதி மெஷினை நிறுத்தினாள்.

"அந்த முட்டிய வெச்சிக்கிட்டு நாலு மாடி எப்படி மாமா ஏறுவீங்க?"

"அதான் நானும் தெனம் கக்கூசுல ஒக்காந்து யோசிச்சேன்."

"மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் சேலைய அடுக்கப் போறேன்?" அவள் குரல் தணிந்தது. "திங்கக்கெழமை நான் லீவு. டாக்டர்கிட்ட போறோம். வேலைய அப்புறம் பேசிக்கலாம். அவர்கிட்டக் குடுங்க... என்னங்க, மாமா வாசல் வழியாத்தானே வந்தாரு? மத்த மூணும் ஏன் அடிக்கல? அதுக்கு ஞாயித்துக்கெழமை வரைக்கும் டைம்."

புவனேசன் அண்ணாந்து பார்த்தான். வாசல் சென்சரின் கண்ணை முழுதாக மூடிக்கொண்டு, காய்ந்து வெடித்த சந்தனமும் குங்குமமும் மங்களகரமாக வீற்றிருந்தன. ஹாலில் அப்படியே. சமையலறையிலும் அப்படியே. பாத்ரூமில் இருப்பதற்கு மட்டும், அந்த இடத்தில் போய் எப்படிப் பொட்டு வைப்பது என்று விட்டுவிட்டிருந்தான்.

"பேட்டரி கோளாறு, இப்ப சரியாயிரும்" என்று சொல்லி வைத்தான்.

ஈரத்துணியால் மூன்று கண்களையும் துடைத்துவிட்டு, பொட்டை ஓரமாக வைத்தான். ஹாலில் நடந்து பார்த்தான். கைப்பேசி கிணுகிணுத்தது. நல்லசாமி நகரவில்லை, சந்தனக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?"

"அந்தக் கக்கூசுல இருக்கிறதுக்கு ஒண்ணு வெச்சிருடா. கண்ணுமேலயே."

புவனேசன் கட்டை விரலைச் சந்தனத்தில் தோய்த்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனான்.