மாடிக் கதவுக்கு இரண்டே சாவி

அடுக்ககத்தில் லிஃப்ட் நின்றுபோனதற்கு யார் காரணம் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பைக் கல்லூரியில் தர்க்கவியல் நடத்தும் டீச்சரிடம் ஒப்படைத்தார்கள். சங்கச் செயலாளர்தான் அவரை முன்மொழிந்தார்.

"நாமளே விசாரிச்சா சண்டையில முடியும். டீச்சர்னா கணக்கு மாதிரி போட்டுச் சொல்லிருவாங்க" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். மாடி ஏறி இறங்கி அவர்களுக்குப் பேச மூச்சு இல்லை.

நடந்தது இதுதான். ஒரு பிற்பகலில் மொட்டைமாடிக் குழாயை யாரோ திறந்துவிட்டு, சரியாக மூடாமல் போய்விட்டார்கள். தண்ணீர் கதவிடுக்கு வழியாகப் படியில் இறங்கி, சாவகாசமாக லிஃப்ட் குழிக்குள் போய்ச் சேர்ந்தது. யாரும் பார்க்கவில்லை.

டீச்சர் முறையாக வேலை செய்தார். வீடு வீடாகப் போய்க் கேட்டார். கேட்டதில் யூகம், வயிற்றெரிச்சல், பழைய பகை எல்லாவற்றையும் கழித்தார். மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. அது போதுமென்று அவருக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். டீச்சர் ஒரு வெள்ளைப் பலகையைத் தூணில் சாய்த்து வைத்து எழுதினார். மாடிக் கதவு எப்போதும் பூட்டியிருக்கும். பூட்டை யாரும் உடைக்கவில்லை. எனவே சாவி உள்ளவர்தான் மேலே போயிருக்க முடியும். அந்தப் பூட்டுக்கு இரண்டே சாவி. ஒன்று காவலாளியிடம், அவர் அன்று கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார், சாவியும் அவர் கூடவே இருந்தது. இன்னொன்று மேல்மாடியில் குடியிருக்கும் 'க' வீட்டில். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அன்று பிற்பகல் அந்த வீட்டில் இருந்தது 'க' மட்டும்தான்.

"ஆகவே, குழாயைத் திறந்தது 'க'" என்று எழுதி, கீழே கோடு போட்டார்.

"யாரு டீச்சர் அந்தக் 'க'?" என்று முன்வரிசையில் இருந்த பல் டாக்டர் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர்."

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவருடைய கணவர், கடைசி வரிசையில் யாருடைய கண்ணாடிக்கோ திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். திருப்புளியைச் சட்டைப்பையில் போட்டார்.

"நானா?"

"இதிலேர்ந்து அப்படித்தான் வருது."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"தேவைப்படல. நீங்க சொல்லாமலே முடிவு வந்துடுச்சு."

கூட்டம் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தது. செயலாளர் மட்டும் ரொம்ப நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அருமை டீச்சர்" என்றார்.

கணவர் படியேறினார். வீட்டுக்குப் போயும் பேசவில்லை. கடையில் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லும் மனிதர். அன்று காது, மூக்கு, வாய் மூன்றையும் பூட்டிக்கொண்டது மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"சாப்பாடு போடவா?" என்று டீச்சர் கேட்டார்.

"எனக்குப் பசிக்குதா இல்லையான்னு நீயே கணக்குப் போட்டுப் பாரேன். என்னை எதுக்குக் கேக்குற?"

டீச்சர் மேசையில் உட்கார்ந்து வாதத்தை மறுபடி சரிபார்த்தார். ஒவ்வொரு படியும் முந்தின படியிலிருந்து ஒழுங்காக வந்தது. ஓட்டை எதுவும் இல்லை. அதுதான் அவரை உறுத்தியது. சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும், சொட்டும் குழாயைக் கண்டால் எழுந்துபோய் இறுக்கி மூடிவிட்டு வந்து உட்காருகிற மனிதர் இவர். ஆனால் அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பழக்கம் ஆதாரமாகாது என்று வகுப்பில் அவரே சொல்லியிருக்கிறார்.

காலையில், கணவர் ஷேவ் செய்துகொண்டிருந்தபோது போய் நின்றார்.

"குழாயைத் திறந்தது நீங்களா?"

"இல்ல."

"சரி" என்றார் டீச்சர்.

வாதம் செல்லும். முடிவு பொய். அப்படியானால், அது எந்தக் கூற்றுகளின் மேல் நிற்கிறதோ அவற்றில் ஒன்றாவது பொய்யாக இருந்தே தீர வேண்டும். இதுவரை ஒழுங்காகவே போனது. முடிவு பொய் என்பதற்கு என்ன ஆதாரம் என்றால், முகம் முழுக்க சோப்பு நுரையோடு ஒருவர் 'இல்ல' என்று சொன்னதுதான். ஒரு மாணவி விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் டீச்சர் குறுக்கே கோடு போட்டிருப்பார். அன்று கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

பூட்டு வியாபாரி, தான் விற்ற பூட்டுதான், பழுதில்லாமல் இருக்கிறது என்றார். காவலாளி, கண்ணில் கட்டோடு, ஆஸ்பத்திரியில் தலையணைக்கடியிலேயே சாவி இருந்ததாகச் சொன்னார். மிச்சம் இருந்தது, இரண்டே சாவி என்ற கூற்றுதான். அதைச் சொன்னவர் செயலாளர்.

செயலாளர் வீட்டில் ஊஞ்சலும் இரும்பு அலமாரியும் போக ஒருவர் நிற்க மட்டும் இடம் இருந்தது. டீச்சர் அங்கே நின்றார்.

"ரெண்டே சாவிதான்னு எப்படி சார் சொல்றீங்க?"

"பூட்டை வாங்கினவனே நான்தானே? கடைக்காரர் ரெண்டுதான் குடுத்தார்."

"குடுத்தது ரெண்டு, சரி. இப்ப எத்தனை இருக்கு?"

செயலாளர் ஊஞ்சல் சங்கிலியைத் தடவிப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார்.

"ஏங்க, மூணாவதா ஒண்ணு செஞ்சு வாங்கினீங்களே, மாடிக்குப் போய் கயிறு தாண்டணும்னு? அதைச் சொல்லுங்க."

செயலாளர் ஊஞ்சலைக் காலால் ஒரு உந்து உந்தினார்.

"அது சாவி இல்ல டீச்சர். நகல்" என்றார் செயலாளர்.

"அதுல கதவு திறக்குமா?"

"திறக்கும்."

"அப்போ சாவிதான்."

"எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கயிறு தாண்டச் சொல்லிட்டார். இந்த உடம்பை வச்சுக்கிட்டுக் கீழ தாண்டினா பிள்ளைங்க சிரிக்கும். தாண்டி முடிச்சுக் கால் கழுவினேன். மூடினேன்னுதான் நெனச்சேன்." ஊஞ்சலை விட்டு இறங்கினார். "அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீங்க பலகையில அவ்வளவு சுத்தமா எழுதிக் கோடு போட்டீங்களா, ஒருவேளை நான் செய்யலையோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

அடுத்த ஞாயிறு மறுபடி கூடினார்கள். செயலாளர் எழுந்து, தானே திறந்ததையும் எதற்காகப் போனார் என்பதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரோ சிரித்தார்கள். அவர் மனைவி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

பிறகு டீச்சர் எழுந்தார். கையில் எதுவும் இல்லை.

"நான் போட்ட வாதம் சரி. வந்த முடிவு தப்பு. முதல்லயே என் வீட்டுக்காரரைக் கேட்டிருக்கணும், கேக்கல. எல்லார் முன்னாடியும் சொன்னேன், அதனால எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்."

கணவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. இருவரும் படியேறினார்கள். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோது கணவர் கேட்டார்.

"நான் இல்லைன்னதும் எப்படி நம்பின?"

"நம்பினேன்."

"காரணம்?"

"காரணம் இல்ல."

"அப்போ அது தப்பான வாதமாச்சே?"

"அது வாதமே இல்லைங்க."

அவர் சிரித்துவிட்டார். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, கடைக்கு வந்த ஒருவர் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டே அதைக் காணோம் என்று புதுசு வாங்கிப்போன கதையை ஆரம்பித்தார். அது போன வாரம் நடந்தது. இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார்.